மார்கழிக் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் மன்னார்குடியில் எங்கள் தெருவில் விடியற்காலை இரண்டு சத்தம் தவறாமல் கேட்கும். ஒன்று கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இன்னொன்று, யாராவது ஒருவர் வீட்டு வாசலில் செல்ஃப் மோட்டார் "கிர்ர்... கிர்ர்ர்..." என்று இழுத்து இழுத்துக் கடைசியில் அடங்கிப்போகிற சத்தம். உடனே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "பனிங்க, அதான். கொஞ்சம் வெயில் வரட்டும், தானா எடுக்கும்." நாலு மணிக்குச் சபரிமலைக்குக் கிளம்ப வேண்டியவர் இருமுடியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

நான் மெக்கானிக் இல்லை. பதினெட்டு வருஷமாக இரண்டாம் கை கார்களாகவே வாங்கி ஓட்டுகிறவன், அதனால் வண்டி நின்றுபோவதில் நல்ல அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பனிமேல் பழியைப் போடாதீர்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதெல்லாம் நமக்குத்தான், காருக்கு இல்லை. டெல்டாவில் மார்கழி விடியலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ரொம்பக் குளிர்ந்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். இது காருக்குக் குளிரே இல்லை. பேட்டரியின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போக வேண்டுமானால் 0 டிகிரிக்குப் போக வேண்டும். மைனஸ் 18 டிகிரியில்தான் பாதிக்கு மேல் போகும்.

அப்படியானால் ஏன் மார்கழியில் மட்டும் இவ்வளவு வண்டி படுக்கிறது? பேட்டரியைக் கொன்றது சித்திரை வெயில். பானெட்டுக்குள் அடிக்கிற சூட்டில் பேட்டரித் தண்ணீர் வற்றும், உள்ளே தகடு அரிக்கும், ஆனால் வெயில் காலத்தில் எஞ்சின் லேசாகச் சுற்றுவதால் அரை உயிரோடு இருக்கிற பேட்டரியும் சமாளித்துவிடும். மார்கழியில் ஆயில் கொஞ்சம் கெட்டியாகி, இழுவை கொஞ்சம் கூடும்போது அந்த அரை உயிர் போதாது. வியாதி மே மாதத்தது, நமக்குத் தெரிவது டிசம்பரில். நம் ஊரில் மூன்று வருஷம் தாண்டிய பேட்டரியைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷம் ஓடினால் அது நம் அதிர்ஷ்டம்.

சாவியை மறுபடி மறுபடி திருகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். என்ன சத்தம் வந்தது?

சத்தமே வரவில்லை, டேஷ்போர்டு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்டது அல்லது டெர்மினல் (பேட்டரி முனையில் ஒயர் மாட்டுகிற இடம்) கழன்றிருக்கிறது. விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ஃப் மூச்சு விடவில்லை என்றால் முதலில் வெட்கப்பட வேண்டிய காரணங்களைப் பாருங்கள்: கிளட்சை முழுக்க மிதித்தீர்களா (பல வண்டிகளில் மிதிக்காவிட்டால் செல்ஃப் எடுக்காது), ஆட்டோமேட்டிக் என்றால் கியர் 'பி' அல்லது 'என்'னில் இருக்கிறதா, பிரேக்கில் கால் இருக்கிறதா, சாவிப் படத்தோடு ஒரு விளக்கு சிமிட்டுகிறதா. அது சிமிட்டினால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவிக்குள் இருக்கிற வட்ட பேட்டரி தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. சாவியையே பட்டனோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் பல வண்டிகள் எடுத்துவிடும். சில வண்டிகளில் சாவியை வைக்க வேறு இடம் இருக்கும், வண்டியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டு டப்பாவிலேயே கிடக்கும், எனக்குத் தெரியும்.

"டக்டக்டக்டக்" என்று வேகமாக அடித்தால் அது பேட்டரி. செல்ஃபை எழுப்புகிற அளவுக்குக் கரண்ட் இருக்கிறது, சுற்றுகிற அளவுக்கு இல்லை. "டொக்" என்று ஒரே ஒரு அடி, அப்புறம் அமைதி என்றால் செல்ஃப் மோட்டாரோ அதன் மேல் உட்கார்ந்து அதற்குக் கரண்டை விடுகிற சுவிட்சான சொலினாய்டோ எர்த் ஒயரோ காரணமாக இருக்கலாம். இதை உறுதிப்படுத்த ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், எதிர்ச் சுவரில் விழுகிற வெளிச்சத்தைக் கவனியுங்கள். சாவியைத் திருகியதும் வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் அசையாமல் நிற்க, செல்ஃப் மட்டும் சும்மா இருந்தால் கோளாறு செல்ஃப் பக்கம்.

கடைசி வகைதான் பலரை ஏமாற்றுவது. செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோளாறு எரிபொருளிலோ அதைப் பற்றவைக்கிற தீப்பொறியிலோ இருக்கிறது. இந்த நேரத்தில் "இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை" என்று அடித்துக்கொண்டே இருந்தால் நல்ல பேட்டரியையும் காலி செய்து, ஒரு கோளாறை இரண்டாக்குவீர்கள். எந்த வகையானாலும் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் செல்ஃபைச் சுற்றாதீர்கள், அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிஷம் விடுங்கள். செல்ஃப் மோட்டார் சூடாகிக் கருகினால் செலவு பேட்டரியைவிடக் கூடுதல்.

டெர்மினல்: பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்

பானெட்டைத் தூக்கிப் பேட்டரியின் இரண்டு முனையையும் கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் தப்பு. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதுவும் தப்பு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் இது சீக்கிரமே வரும், கூடவே பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகிற எர்த் ஒயரின் மறுமுனை துருப்பிடிக்கும். அங்கே யாரும் பார்ப்பதே இல்லை. புது பேட்டரி போட்டும் "டக்டக்" என்கிறதே என்று தலையில் கைவைக்கிறவர்கள் அந்த மறுமுனையைக் கழற்றித் தேய்த்துப் பாருங்கள்.

சுத்தம் பண்ண 10 எம்எம் ஸ்பேனர், பழைய பல் துலக்கும் பிரஷ், வெந்நீர், ஆப்ப சோடா போதும். முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். ஏன் என்றால், பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால், மைனஸ் மாட்டியிருக்கிற வண்டியில் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. சோடா கரைத்த வெந்நீரை முனைகளில் மட்டும் ஊற்றித் தேய்த்து, துடைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவிவிடுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்கக் கூடாது, அது ஆசிடைக் கெடுத்துவிடும். மூடி திறக்கிற வகை என்றால் தண்ணீர் மட்டத்தையும் அப்போதே பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குடிக்கிற கேன் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்குச் சுத்தம், பேட்டரிக்கு இல்லை.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. ஸ்டார்ட் பண்ணும்போது ஒருவரை மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6க்குக் கீழே போனால் பேட்டரி களைத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும், வராவிட்டால், எஞ்சின் ஓட்டத்தில் கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை, எத்தனை புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் இதே கதைதான்.

ஜம்ப் பண்ணுவது

ஜம்ப் என்பது இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஸ்டார்ட் பண்ணுவது. பக்கத்தில் இன்னொரு கார் இருந்தால் நல்லது. கிராமத்தில் விடியற்காலையில் கிடைப்பது டிராக்டர்தான். அது பெரும்பாலும் 12 வோல்ட், பரவாயில்லை, இருந்தாலும் பேட்டரி மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். லாரியிடமிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள், அது 24 வோல்ட், உங்கள் வண்டியின் கம்ப்யூட்டர் கருகிவிடும்.

இரண்டு வண்டியும் ஒன்றை ஒன்று தொடக் கூடாது, இரண்டும் ஆஃப். சிவப்பு ஒயரின் ஒரு முனை படுத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையை மட்டும் படுத்த பேட்டரியில் மாட்டாமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஒரு இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி மாட்ட வேண்டும். கடைசி இணைப்பில் சின்னதாகப் பொறி வரும், பேட்டரி ஹைட்ரஜனைக் கக்கும், இரண்டும் சந்திக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம், ஆனால் முகத்தில் ஆசிட் தெறிக்கிற அளவுக்குப் பெரிய காரணம். நல்ல வண்டியை ஓடவிட்டு ஐந்து நிமிஷம் பொறுத்து உங்கள் வண்டியை எடுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்கு நேர் எதிராகக் கழற்றுங்கள்.

எடுத்ததும் "ஆச்சு" என்று ஆஃப் பண்ணிவிட்டு காபி குடிக்கப் போகாதீர்கள். வாசலில் நின்றபடி உறுமவிட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. தஞ்சாவூர் வரை ஒரு நடை போய்வந்தால் ஏறும், அல்லது வெளிச் சார்ஜரில் ராத்திரி முழுக்கப் போட வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது கியர் வண்டிக்கு மட்டும், ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயனில்லை. சாவியை ஆன் பண்ணி, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு, நாலு பேர் தள்ள, வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். எஞ்சின் பிடிக்கிறவரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும், முன்னால் வாய்க்கால் இருந்தால் வேண்டாம். பேட்டரி அடியோடு காலி என்றால் புதிய வண்டிகளில் இதுவும் பலிக்காது, பெட்ரோல் பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கொஞ்சமாவது கரண்ட் வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காத வண்டியைத் தெருவின் கடைசி வரை தள்ளுவதில் அர்த்தமே இல்லை, செல்ஃப் செய்த அதே வேலையைத்தான் நாலு பேரும் மூச்சு வாங்கச் செய்துகொண்டிருப்பீர்கள்.

கோலத்தால் வந்த கோளாறு

இதை நானே அனுபவித்தேன். என் கார் நிற்பது வாசலில். மார்கழியில் வாசல் முழுக்கக் கோலம் போட வேண்டும். "என்னங்க, வண்டியைக் கொஞ்சம் எடுங்க" என்று ஐந்து மணிக்குக் குரல் வரும். நான் தூக்கக் கலக்கத்தில் ஸ்டார்ட் பண்ணிப் பத்தடி பின்னால் விட்டு ஆஃப் பண்ணிவிட்டுப் போர்வைக்குள் போய்விடுவேன். நாலைந்து நாள் நடந்தது. ஆறாம் நாள் செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவே இல்லை. பதினைந்து தடவை அடித்திருப்பேன். மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கவில்லை, பக்கத்தில் வந்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "பெட்ரோல் வாடை இப்படி அடிக்குது. பத்தடி நகத்தி ஆஃப் பண்ணுனீங்களாண்ணே?"

ஆறின பெட்ரோல் எஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். எஞ்சின் சூடாகும்வரை ஓடினால் அது எரிந்துவிடும். முப்பது வினாடியில் ஆஃப் பண்ணினால் மிச்சம் ஸ்பார்க் பிளக்கில் படிந்து நனைத்துவிடும், நனைந்த பிளக்கில் பொறி விழாது. நீங்கள் அடிக்க அடிக்க இன்னும் நனையும். இதற்கு வைத்தியம் எளிது. ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஐந்து ஆறு வினாடி செல்ஃபைச் சுற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் உள்ள பல பெட்ரோல் வண்டிகளில் அப்படி மிதித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், வெறும் காற்று போய் உள்ளே காயும். உறுமினதும் காலை எடுங்கள். அப்படியும் பிடிக்கவில்லையா, இருபது நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி. "வெயில் வந்தா தானா எடுக்கும்" என்கிறார்களே, அது பலித்ததாகத் தோன்றுவதும் பாதி நேரம் இதனால்தான். வெயில் அல்ல, சும்மா விட்ட நேரம்.

பத்தடி நகர்த்த எஞ்சினே வேண்டாம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியை ஆன் பண்ணி ஸ்டியரிங் பூட்டை விடுவித்து, நியூட்ரலில் போட்டு, ஒருவர் தள்ளினால் போதும். கியர் வண்டியென்றால் கோலம் போடுகிறவரே ஒரு கை கொடுத்துவிடுவார். தெரு சரிவாக இருந்தால் மட்டும் வேண்டாம்.

இதன் இன்னொரு முகம் நின்றே கிடக்கிற வண்டி. சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற பிள்ளையின் காரை இங்கே அப்பா அம்மா காவல் காப்பார்கள், பொங்கலுக்கு வந்து எடுத்தால் படுத்திருக்கும். ஆஃப் பண்ணிய வண்டியும் அலாரம், கடிகாரம், சாவிக்காகக் காத்திருக்கிற ரிசீவர் என்று கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 0.7 ஆம்பியர் மணி, சின்னக் காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் 25 நாளில் பாதி போய்விடும். வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிஷத்தில் ஆஃப் பண்ணுகிற அப்பாக்கள் நல்லெண்ணத்தோடு கெடுதலைக் கூட்டுகிறார்கள். ஓட்டினால் அரை மணி நேரம் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் மைனஸைக் கழற்றி வைத்துவிடுங்கள். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் தெருவே என் காரில்தான் போன் சார்ஜ் போட்டது. கடைசியில் எல்லார் போனும் உயிரோடு இருந்தது, கார் இல்லை.

பிளக் நனையவில்லை, பெட்ரோல் வாடையே இல்லை என்றால் சாவியை ஆன் மட்டும் பண்ணிப் பின்சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு வினாடி "ம்ம்ம்" என்று பம்பு முனகுகிறதா என்று கேளுங்கள். முனகல் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பம்பு என்ற வரிசையில் பாருங்கள். ஹாரன் ரிலேயும் பம்பு ரிலேயும் ஒரே மாதிரி என்றால் மாற்றிச் சொருகிப் பாருங்கள், வண்டி எடுத்தால் கோளாறு ரிலேதான். சிஎன்ஜி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பல வண்டிகள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகித்தான் கேஸுக்கு மாறும். மாதக்கணக்கில் பெட்ரோல் போடாமல் ஓட்டினால் காலையில் கேஸ் நிறைய இருந்தும் வண்டி எடுக்காது.

டீசல்காரர்களுக்கு

டேஷ்போர்டில் சுருள் கம்பி மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிவது ஹீட்டர் பிளக் சூடாகிறது என்பதற்கு. அது அணைந்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். பழைய டீசல் ஜீப், வேன் எல்லாம் காலையில் சாவியை ஆன், ஆஃப், மறுபடி ஆன் என்று இரண்டு சுற்று சூடேற்றினால் சட்டென்று எடுக்கும். நாலு ஹீட்டர் பிளக்கில் இரண்டு போயிருந்தால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு தடுமாறும். காமன் ரெயில் எஞ்சின் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கிற புதிய வகை) 20 டிகிரியில் ஹீட்டர் பிளக் இல்லாமலேகூட எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் டீசலைப் பாருங்கள்.

அதில்தான் நம் ஊர் வழக்கம் ஒன்று காலை வாரும். பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் வாங்கிப் பேரலில் வைத்த டீசலை, பங்க் தூரம் என்று காரிலும் ஊற்றுவோம். ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தப் பேரலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் ஒரு திருகாணி இருக்கும், கீழே டப்பா வைத்துத் திறந்து, தண்ணீர் போய்ச் சுத்த டீசல் வரும்வரை விடுங்கள். மூடிவிட்டு, மேலே கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். டேங்க் வற்றி நின்ற வண்டிக்கும் இதே ஏர் லாக் வைத்தியம்தான்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பம்புசெட் எஞ்சினில் காற்று போகிற வாயில் துணியைக் கொளுத்திக் காட்டி எடுப்பார்கள், சிலர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பார்கள். ஹீட்டர் பிளக் உள்ள காரில் ஸ்பிரே அடித்தால் சூட்டுக் கம்பியில் பட்டு உள்ளே வெடித்து எஞ்சினே உடையலாம்.

எலி

டெல்டாவில் குளிர்காலத்தில் கார் எடுக்காததற்குப் பனியைவிடப் பெரிய காரணம் இதுதான் என்று சத்தியம் செய்வேன். தையில் சம்பா அறுவடை. வயலில் இருந்த எலிக்குச் சாப்பாடும் மறைவும் ஒரே நாளில் போகிறது, ஊருக்குள் வருகிறது, உங்கள் வண்டி ராத்திரி எட்டு மணிக்கு வந்து சூடாக நிற்கிறது. வேறென்ன வேண்டும்? அப்பா காலத்தில் மூங்கில் வில்லாலான தஞ்சாவூர்க் கிட்டியை வரப்போரமாக வைத்து எலி பிடிக்க ஆள் வருவார்கள். இப்போது எலி வேட்டை என் பானெட்டுக்குள் நடக்கிறது.

நேற்று நன்றாக ஓடிய வண்டி இன்று செல்ஃப் சுற்றியும் எடுக்கவில்லை, அல்லது எடுத்தும் குலுங்குகிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால் பானெட்டைத் தூக்கி டார்ச் அடியுங்கள். புழுக்கை, நெல் உமி, வைக்கோல் துண்டு தெரியும். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டியிருக்கும், இன்ஜெக்டர் ஒயர் இரண்டாகக் கிடக்கும். ஒயரை நீங்களே முறுக்கி டேப் சுற்றாதீர்கள், எலக்ட்ரீஷியன் ஈயம் வைத்து ஒட்டட்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறி அடுத்த மழையில் நிற்பீர்கள். தடுக்க, வைக்கோல்போர் பக்கத்தில் நிறுத்தாமல் இருப்பது முதல் வைத்தியம். நான் ராத்திரி பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே ஒரு எல்ஈடி பல்பைத் தொங்கவிடுகிறேன், கரண்ட் வீட்டிலிருந்து, காரிலிருந்து அல்ல. வெளிச்சமும் குளிர்ந்த எஞ்சினும் எலிக்குப் பிடிக்காது. புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் நாலு நாள்தான், வாடை போனதும் எலி அதன்மேலேயே படுக்கிறது. எலி இருந்தால் பூனையும் வரும். காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டுங்கள்.

பழைய மாருதி 800, அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பனி உண்மையிலேயே எதிரி. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளும் பிளக் ஒயர் மேலும் ஈரம் கோத்தால் பொறி வழியிலேயே இறங்கிவிடும். மூடியைக் கழற்றிக் காய்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது.

மழைத் தண்ணீரில் நின்ற வண்டி வேறு விஷயம். தண்ணீர் பம்பருக்கு மேல் ஏறியிருந்தால் சாவியைத் தொடவே தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீர் அமுங்காது, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மைனஸைக் கழற்றிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போங்கள்.

நிஜக் குளிருக்குப் போகிறவர்கள்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் சில ராத்திரி 0 டிகிரியைத் தொடும், புல்லெல்லாம் உறைபனி. நம் ஊர் வண்டி அங்கே போய் மாட்டுவது முக்கியமாக ரேடியேட்டரில். வருஷக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருப்போம், அது உறைந்தால் விரிந்து எஞ்சின் பிளாக்கையே பிளக்கும். கிளம்பும் முன் அதை எடுத்துவிட்டு, எளிதில் உறையாத கூலன்ட் திரவத்தை ஊற்றுங்கள். பழைய ஆயிலோடும் போகாதீர்கள். கெட்டி ஆயிலில் எஞ்சின் சுற்ற மறுக்கும், ஆயில் டப்பாவில் போட்டிருக்கிற எண்ணில் 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருப்பது சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் இளகலாக இருக்கும். இந்தியத் தரப்படி குளிர்காலத்து டீசல் 6 டிகிரி வரைக்கும் ஃபில்டரை அடைக்கக் கூடாது, கோடைகாலத்து டீசலுக்கு அந்த அளவு 18 டிகிரி. அதற்கும் கீழே போனால் டீசலில் இருக்கிற மெழுகு திரண்டு ஃபில்டரை மூடும். அதனால் மலையேறியதும் அங்கே உள்ள பங்கில் டேங்கை நிரப்பிக்கொள்வது நல்லது. லடாக் மாதிரி இடத்துக்கு இதுவும் போதாது என்றுதான் 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை அங்கே கொண்டுவந்தது.

கனடாவில் வினிபெக்கில் இருக்கிற என் அக்கா மகன் முதல் குளிர்காலத்தில் போன் பண்ணினான். "மாமா, இங்க காருக்கு முன்னாடி ஒயர் தொங்குது, ராத்திரி அதைப் பிளக்கில் சொருகணுமாம்." எஞ்சினுக்குள் இருக்கிற கூலன்டைச் சூடாக வைக்கிற ஹீட்டர் அது, கிளம்புவதற்கு மூன்று நாலு மணி நேரம் முன்னால் போட்டால் போதும். மைனஸ் 30ல் அது இல்லாமல் ஆயில் பசைபோல் நிற்கும். அவனுக்கு நான் சொன்ன ஒரே எச்சரிக்கை பேட்டரியைப் பற்றியது: நிறைந்த பேட்டரி மைனஸ் 60 வரை உறையாது, காலியான பேட்டரியில் ஆசிட் வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடுவதால் மைனஸ் 10க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். பக்கம் உப்பியிருந்தால் ஜம்ப் பண்ணக் கூடாது, வெடிக்கும். உள்ளே கொண்டுபோய் இளகவிட்டு அப்புறம்தான் சார்ஜ். கண்ணாடியில் உறைந்த பனிமேல் வெந்நீர் ஊற்றாதே என்றும் சொன்னேன், அதற்குள் ஊற்றியிருந்தான்.

நாளைக் காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் இன்று மாலையே ஒரு அரை மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள், வரும் வழியில் எரிபொருள் போட்டுவிடுங்கள். டெர்மினலை அசைத்துப் பாருங்கள். உள்விளக்கு, டேஷ் கேமரா, செருகியிருக்கிற சார்ஜர் எல்லாம் ஆஃப். ஜம்பர் கேபிளும் 10 எம்எம் ஸ்பேனரும் டிக்கியில், மடித்த இருமுடிப் பைகளுக்கு அடியில் அல்ல, மேலே. அப்புறம் வண்டியை வாசலில் நிறுத்தாமல் தெரு முனையில் நிறுத்திவிடுங்கள். மூன்றரை மணிக்கே கோலம் போட ஆரம்பித்துவிடுவார்கள்.